பன்னிரு அப்போஸ்தலரைக் காணப் போகிறோம்

கர்த்தருக்குச் சித்தமானால், வருகிற அக்டோபர் மாதத்தில் நாங்கள் நண்பர்கள் மூவர் ஆஸ்திரேலியாவின் தென்கடலோரமாகச் செல்லும் ‘கிரேட் ஓஷன் ரோடு’ என்னும் சாலையில் காரில் பயணம் செய்யவிருக்கிறோம்.

மூவரும் பிழைப்புக்காக மும்பைக்கு வந்து, தாராவியில் ஒரே அறையில் ஆறு ஆண்டுகள் தங்கியிருந்தவர்கள். ஞாயிறு மாலைகளில் தாதர் கடற்கரைக்குச் சென்று அமர்வதே எங்களுக்கு உல்லாசப் பயணம். எங்களில் ஒருவர் இப்போது மெல்போர்னில் வசிக்கிறார். “வாருங்கள், நான் காரோட்டுகிறேன்” என்று அவர் அழைக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆயின. பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், மகளின் திருமணம் என்று நாங்கள்தான் தள்ளிப்போட்டு வந்தோம். உங்களில் அநேகருக்கும் இப்படி ஒரு பயணம் காத்துக்கொண்டிருக்கும்.

சென்ற ஆண்டு மற்ற நண்பருக்குக் குளுக்கோமா என்னும் கண்நோய் இருப்பது தெரியவந்தது. பக்கவாட்டுப் பார்வை ஏற்கெனவே குறுகிவிட்டது. இழந்த பார்வை திரும்பாது, எஞ்சியதைச் சொட்டு மருந்தால் காக்க முயலலாம் என்றார் மருத்துவர். அன்றிரவே மெல்போர்னுக்குத் தொலைபேசியில் பேசினோம். விசா, பயணச்சீட்டு முதலியவற்றைச் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்ய மாட்டேன்.

டார்க்கே என்னும் ஊரில் தொடங்கி ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளும் இச்சாலை, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய போர்வீரர் சுமார் 3,000 பேரின் உழைப்பில் உருவானது. மாண்டுபோன தோழர்களின் நினைவாக, 1919 முதல் 1932 வரை, கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்தும் கொண்டு மலைச்சரிவைக் குடைந்து இதை அமைத்தனர்.

அங்கேயும் நம் நாட்டைப் போலவே வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்லும். மேற்கு நோக்கிப் போகையில் கடலும் இடப்பக்கமே. ஆகவே ஓட்டுநருக்கு அருகிலுள்ள முன்னிருக்கைக்கும் கடலுக்கும் நடுவே எதிர்வரும் வண்டி எதுவும் மறைக்காது. அந்த இருக்கை யாருக்கு என்பதில் விவாதமே எழவில்லை. திரும்பும்போது மட்டும் எனக்குத் தருவதாக நண்பர் பெருந்தன்மையுடன் அறிவித்தார். அப்போது கடல் வலப்புறம் போய்விடும் என்பதை அவர் நன்கறிவார்!

பேருந்துச் சுற்றுலாக்கள் ஒரே நாளில் சென்று மீளுகின்றன. நாங்கள் அப்போலோ பே என்னும் சிற்றூரில் ஓர் இரவு தங்குவோம். அதன்பின் சாலை கடலைவிட்டு விலகி, ஆட்வே மழைக்காட்டுக்குள் புகுந்து, மீண்டும் கரைக்கு வருகிறது. அங்கேதான் ‘பன்னிரு அப்போஸ்தலர்’ என்று பெயர் பெற்ற சுண்ணாம்புக்கல் தூண்கள் கடலில் நிற்கின்றன. முற்காலத்தில் அவற்றுக்குப் ‘பன்றியும் குட்டிகளும்’ என்று பெயராம்! பன்னிரண்டு தூண்கள் ஒருபோதும் இருந்ததில்லை, ஒன்பதே இருந்தன. அலை அரித்து 2005 ஜூலையில் ஒன்று சரிந்தது. அதே கரையில் ‘லண்டன் பிரிட்ஜ்’ எனப்பட்ட இயற்கைப் பாலத்தின் ஒரு வளைவு 1990 ஜனவரியில் இடிந்தபோது, மறுபக்கம் சிக்கிய இருவரை ஹெலிகாப்டரில் மீட்டனர்.

அருகில் லாக் ஆர்டு பள்ளத்தாக்கு. இங்கிலாந்திலிருந்து மூன்று மாதங்கள் கடலில் வந்து, மெல்போர்னை நெருங்கிய வேளையில், 1878 ஜூன் 1 அன்று அக்கப்பல் பாறையில் மோதியது. 54 பேரில் பிழைத்தவர் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் மாத்திரமே. ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அவ்விடத்தில் சற்று நிற்கத் தோன்றும்.

அப்போஸ்தலரைச் சூரியன் மறையும் நேரத்தில் காண்பதே அழகு என்று பலரும் கூறுவர். மங்கிய வெளிச்சத்தில் நண்பருக்குக் கண் தடுமாறும். ஆகையால் நண்பகலுக்குள் அங்கே சேர்ந்துவிட வேண்டும் என்று நேரத்தைக் கணக்கிட்டு வைத்திருக்கிறோம். அவரால் முழுக் காட்சியையும் ஒரே நோக்கில் காண இயலாது. தலையைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தூணாகப் பார்க்க வேண்டும். “எட்டையும் எண்ணி முடிக்கும்வரை என்னை அவசரப்படுத்தாதீர்கள்” என்று இப்போதே சொல்லிவிட்டார்.