ஒரு பிடி குறைவாக

டிசம்பர் கடைசி வாரத்தில் வீட்டுக்கு வந்த பரிசுப் பெட்டியில் எனக்குப் பிடித்தது பெட்டி மட்டுந்தான். மூடியைத் திறந்ததும், உள்ளே இருந்த பாதாம், அத்திப்பழம், வாசனை மெழுகுவத்தி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு காய்ந்த பனையோலையின் வாசம் மேலே வந்தது, லேசான புகையும் சாயத்தில் தோய்த்த ஓலைக்கே உரிய ஒரு கசப்புமாக. அனுப்பியது நான் கணக்குப் பார்த்துக்கொடுக்கும் நிறுவனம் ஒன்று, கூடவே புது வருஷத்து நாட்குறிப்பு ஒன்றையும் வைத்திருந்தார்கள், முதல் சில பக்கங்களில் ‘இந்த ஆண்டு நான் விட்டுவிட வேண்டியவை’, ‘நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள்’, ‘என்னை மேம்படுத்திக்கொள்ள’ என்று தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஐந்து கோடு, ஆறாவதாக ஒரு கெட்ட குணம் இருப்பவன் அதை எங்கே எழுதுவான் என்று தெரியவில்லை.

எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அந்த வாசம் விடவில்லை, எங்கள் ஆச்சியின் அடுக்களைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. திருச்செந்தூருக்குத் தெற்கே தேரிக்காட்டு ஓரத்து ஊர், வாசலில் நின்றால் பனைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் வேதக்கோயிலின் 192 அடிக் கோபுரம் ஊசியாகத் தெரியும், மார்கழி மழை பெய்து ஓய்ந்த காலைகளில் செம்மண் ஈரமும் அடுப்பில் வேகிற பனங்கிழங்கின் மஞ்சள் வாசமும் சேர்ந்து வீட்டுக்குள் வரும், ஓட்டுக் கண்ணாடி வழியாக விழுகிற ஒரு சதுர வெளிச்சத்தில்தான் ஆச்சி அரிசி களைய உட்காருவாள். உழக்கால் அளந்து சொளவில் கொட்டி, கல் பொறுக்கி, பானைக்குப் போகும் முன் அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, அடுப்புக்கு மேலே உறியில் தொங்கும் ஓலைப்பெட்டியில் போடுவாள், போடும்போது முகத்தில் பக்தியோ பரவசமோ ஒன்றும் இருக்காது, உலைக்கு உப்புப் போடும்போது இருக்கிற அதே முகந்தான்.

அது கோயிலுக்கான பிடியரிசி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெண்கள் எல்லாரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் தாழ்வாரத்தில் விரித்த பாயில் கொட்டுவார்கள், புழுங்கல், பச்சை, சிவப்பரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே குவியலாகும், ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும், அந்தக் காசு ஊழியத்துக்கு. 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு நாட்டில் டோர்னக்கல் பக்கம் ஆள் அனுப்பி ஊழியம் செய்தது, தன் அரிசி அங்கேதான் போகிறது என்று ஆச்சி உறுதியாக நம்பினாள். டோர்னக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதாகவும் நினைவில்லை.

இதை வைத்து ஆச்சியைத் தர்மவதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, ஊரிலேயே அவளைப்போல் இறுக்கமான கை இல்லை. கருப்பட்டிப் பானை இருந்த மச்சுக்கு ஏணியை அவள் அனுமதி இல்லாமல் யாரும் சாத்த முடியாது, மணப்பாட்டிலிருந்து மீன் கொண்டுவரும் கிழவியோடு ஒரு சாளைக்காகக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுவாள், விருந்தாளிக்கு முந்திரிக்கொத்து எடுத்து வைக்கும்போது தட்டில் எத்தனை இருந்தது என்று கண்ணாலேயே எண்ணிக்கொள்வாள். பிடியரிசியிலும் அந்தக் குணம் போகவில்லை. நான் விடுமுறைக்குப் போய்விட்டால் அந்த வேலை எனக்குத்தான், பேரனுக்குப் பக்தி வரட்டும் என்று இல்லை, சித்தியிடம் அவளே சொன்ன காரணம் வேறு: “உன் கை பெருசு, அவனை எடுக்கச் சொல்லு.” சில வருஷங்கள் அப்படி நடந்தது, பிறகு ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் வழக்கம்போல் சொளவுக்குள் கையை விட்டபோது என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “போதும்லே, உனக்கும் கை பெருத்துப்போச்சு” என்று தள்ளிவிட்டாள். கோயில் கமிட்டித் தேர்தலில் சபை ஐயரோடு மனஸ்தாபம் வந்த வருஷம் பிடி இன்னும் சிறுத்தது, மூன்று விரலால் அள்ளுகிற அளவுக்கு வந்தது, ஆனால் நிற்கவில்லை.

நிற்கவில்லை என்பதைத்தான் இப்போது நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவளுக்கு மனசு வந்து கொடுத்ததாகவே தெரியவில்லை, மனசு வருவதற்காகக் காத்திருந்தால் அந்தப் பெட்டியில் ஒரு மணி விழுந்திருக்காது, கைக்கு ஒரு பழக்கம் இருந்தது, மனசு அதன் பாட்டுக்குக் கருப்பட்டிப் பானையைக் காத்துக்கொண்டிருந்தது.

ஆண்டுக் கடைசி அவளுக்குக் கணக்கு முடிக்கிற நாள். டிசம்பர் 31 சாயங்காலம், நடுச்சாம ஆராதனைக்கு மணி அடிக்கும் முன் பால்காரர், சலவைக்காரர், பலசரக்குக் கடை, மீன்காரக் கிழவி எல்லாருக்கும் பாக்கி தீர்க்க வேண்டும், பழைய கடனைத் தூக்கிக்கொண்டு புது வருஷத்துக்குள் போகக் கூடாது என்பது சட்டம். அதே சட்டம் மற்றவர்களுக்கும் உண்டு என்பதால், அவளிடம் கைமாற்று வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் என்னை அரிக்கேன் விளக்கோடு அனுப்புவாள், “ஆச்சி கேட்டுட்டு வரச் சொன்னா” என்று நான் திண்ணை திண்ணையாகச் சொல்லிக்கொண்டு போவேன், மழைப்பூச்சிகள் விளக்கைச் சுற்றும், கொடுக்க இல்லாதவர்கள் ஒரு மரக்கால் பயறோ நாலு முட்டையோ தந்து அனுப்புவார்கள், அதையும் வாங்கி வைத்துக்கொள்வாள். பிறகு வெள்ளைச் சேலை உடுத்திக் கோயிலுக்குப் புறப்படுவாள். தன்னைத் திருத்திக்கொள்வதாக அவள் எந்த வருஷமும் சொன்னதில்லை, எழுபது வயதில் இனி என்ன திருத்தம் என்று நினைத்தாளோ, திருத்தும்படி ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தாளோ.

அதே கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு நடந்த ஏலம் வேறு மாதிரி. வாழைத்தார், பூசணி, கோழி, ஆட்டுக்குட்டி, முருங்கைக்காய்க் கட்டு என்று வரிசையாக வரும், சந்தையில் சில்லறைக்குப் போகிற முருங்கைக்காய் அன்று நூறு, இருநூறு என்று ஏறும், ஏற்றுகிறவர்கள் சென்னையிலும் பம்பாயிலும் கடை வைத்து ஊருக்கு வந்தவர்கள், ஒருவர் கேட்க மற்றவர் விடமாட்டார், கடைசியில் எடுத்தவர் அந்தக் கட்டைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்து இன்னொரு தரம் ஏலம் விடச் சொல்வார், கைதட்டல் பறக்கும். எனக்கு அது திருவிழா போலத்தான் இருந்தது. தாத்தா மட்டும் பின்வரிசையில் பொடி மட்டையைத் தட்டிக்கொண்டு, “இவன் கடைப் பையனுக்குத் தீவாளிக்கும் கிறிஸ்மஸுக்கும் சேத்து ஒரு சட்டைதான்” என்பார், பிறகு அவரே ஒரு வாழைப்பூவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கேட்டுவிட்டுச் சுற்றிலும் பார்ப்பார்.

கைதட்டல் இல்லாமல் கொடுத்த இன்னொருவரை விருதுநகரில் பார்த்தேன். அப்பாவுக்கு அங்கே பள்ளிக்கூட உத்தியோகம், வாடகை வீடு, வீட்டுக்கார அண்ணாச்சிக்குக் கீழே கமிஷன் மண்டி, காலையில் கதவு திறந்தாலே வத்தல் நெடி மாடிக்கு ஏறி எங்கள் வீட்டில் எல்லாரும் தும்மிக்கொண்டுதான் எழுந்திருப்போம், பத்து மணி வாக்கில் மல்லி வாசமும் சாக்கு வாசமும் அதன்மேல் படியும், மாலை வெயில் சந்துக்குள் சாயும்போது தூசி முழுக்கப் பொன்னிறமாக இருக்கும். அண்ணாச்சி பருப்பு மூட்டையில் குத்தூசியைச் செருகி மாதிரி எடுப்பார், உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார், வாயில் போட்டுக் கடிப்பார், வியாபாரம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அந்த மாதிரிப் பருப்பு மூட்டைக்குத் திரும்பாது, பக்கத்துத் தகரத்துக்குப் போகும், மாதக் கடைசியில் அது நிறைந்து அவர் வீட்டுக்கு ஏறும். சிந்தின மல்லியைக் கூட்டிப் புடைக்க ஓர் அம்மாவைத் தனியே வைத்திருந்தார்.

அவருடைய பேரேட்டில் மகமைக்கு என்று ஒரு பத்தி உண்டு, மூட்டைக்கு இவ்வளவு என்று அவர்கள் சாதிச் சங்கமான உறவின்முறைக்குப் போக வேண்டிய பங்கு, லாபமோ நஷ்டமோ சரக்கு நகர்ந்தால் அது எழுதப்பட்டுவிடும். அப்பா கணக்கில் கெட்டிக்காரர் என்பதால் சில ராத்திரிகள் கீழே போய் அண்ணாச்சிக்குக் கூட்டிக் கொடுப்பார், நானும் போய் மையொத்தியை உருட்டிக்கொண்டிருப்பேன், நஷ்டம் வந்த மாதங்களில்கூட அந்தப் பத்தியை அண்ணாச்சி தொட்டுப் பேசிக் கேட்டதில்லை. அந்தக் காசுதான் அவ்வூரில் பள்ளிக்கூடமாகவும் கிணறாகவும் நின்றது. 1889-இல் ஆரம்பித்த க்ஷத்திரிய வித்யாசாலாவுக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி வசூலித்திருக்கிறார்கள், காமராஜர் படித்த பள்ளி அது, பள்ளிப் படிப்பை முடிக்காமலே வெளியே வந்தவர் 1956-இல் முதலமைச்சராகப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட்டதற்கு அந்தப் பிடியரிசியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு. மகமையை ரொம்பப் புனிதமாக்கவும் வேண்டாம், அது தங்கள் ஆட்களுக்கு என்று சேர்த்த பணம், 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908-இல் தோற்ற ஒரு சமூகம், அடுத்தவன் வாசலில் நிற்காமல் தன் வாசலைத் தானே கட்டிக்கொண்ட கதை. ஆனாலும் தகரத்தில் பருப்புச் சேர்த்த அதே கைதான் அந்தப் பத்தியையும் எழுதியது.

அப்பா நல்லவர், பருப்பும் சேர்க்கவில்லை, யாரிடமும் மல்லுக்கட்டவும் இல்லை, ஓய்வுபெற்றதும் வந்த பணத்தை வருஷத்துக்கு 24 சதவீதம் தருகிறோம் என்ற நிதிக் கம்பெனி ஒன்றில் போட்டார். தொண்ணூறுகளின் நடுவில் தமிழ்நாடு முழுக்க அப்படிப் போட்டார்கள், ஆசை என்று அப்போது யாரும் சொல்லவில்லை, முன்னேற்றம் என்றுதான் சொன்னார்கள், ஏஜெண்ட் வந்து பேசின பேச்சு இன்றைக்கு என் முன்னால் இருக்கிற நாட்குறிப்பில் அச்சடித்திருப்பதுபோலவே இருந்தது, உங்களை நீங்கள் உயர்த்திக்கொள்ளுங்கள் என்ற மாதிரி. கம்பெனிகள் வரிசையாக ஷட்டரை இறக்கின, முதலீட்டாளர்களைக் காக்க 1997-இல் தனிச் சட்டமே வந்தது, அப்பாவுக்கு வந்தது ஒரு டோக்கன் எண். அந்த வருஷக் கடைசி ராத்திரியும் அவர் கோயிலுக்குப் போனார், காணிக்கைப் பைக்குள் மூடின கையை விட்டு எடுத்தார், எவ்வளவு போட்டார் என்று அம்மாவுக்கும் சொல்லவில்லை.

எல்லாம் போய்விட்டது என்று சொல்லிப் பெருமூச்சு விடவும் முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் எங்கள் பக்கம் வானம் உடைந்தது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் தண்டவாளத்து ஜல்லி அரித்துப்போய் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது, சுமார் 800 பேர், நாலா பக்கமும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து வடித்துப் போட்டிருக்கிறார்கள். சித்தப்பா மகன் போனில் அதை எனக்குச் சொன்ன விதம், யாரோ குடை மறந்துவிட்டுப் போனதைச் சொல்வதுபோல் இருந்தது, “பொறவு பட்டினியாவா போடுவாவ” என்று முடித்துவிட்டு, தன் மாடு இரண்டு போனதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினான்.

இங்கே எங்கள் குடியிருப்பில் காவலாளிகளுக்கு வருஷக் கடைசி அன்பளிப்பு வாட்ஸ்அப் குழுவில் நாலு நாளாக ஓடியது, வாக்கெடுப்பு நடந்தது, வீட்டுக்கு எவ்வளவு என்பதற்கும், லிஃப்ட் பழுதானபோது மேலே வராதவருக்கும் சம பங்கா என்பதற்கும் தனித்தனியாக, கடைசியில் ஒரு கியூஆர் குறியீடு வந்தது, கொடுத்தவர்கள் பெயருக்கு நேரே பச்சைக் குறி விழுந்தது. நானும் குத்தினேன், விழுந்த குறியை இரண்டு தரம் போய்ப் பார்த்தேன்.

நாட்குறிப்பின் கோடுகளைக் காலியாகவே விட்டுவிட்டு, மறுநாள் காலை குக்கருக்கு அரிசி எடுத்த மனைவியிடம் ஒரு பிடி குறைத்துப் போடச் சொன்னேன், ஏன் என்று சொன்னதும் அவள் சிரிக்கவில்லை, “எடுக்கிறது இருக்கட்டும், யார் வாங்கிக்கிடுவா?” என்றாள். நியாயமான கேள்விதான். வேலைக்கு வரும் அக்காவுக்கு ரேஷனில் இலவச அரிசியே மிஞ்சுகிறது, காவலாளிகள் பீகார்க்காரர்கள், சப்பாத்திதான் சுடுகிறார்கள், எங்கள் கோயில் அலுவலகத்தில் கேட்டால் அரிசியாக வேண்டாம், அதன் கிரயத்தை அனுப்பிவிடுங்கள் என்றார்கள். இருந்தாலும் டப்பாவில் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது, என் பிடி இல்லை, அவள் பிடி. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கொண்டுவரட்டுமா, இன்னும் பிடியரிசி ஏலம் உண்டா என்று சித்தப்பா மகனிடம் கேட்டேன். “உண்டும், கொண்டாரும்” என்றவன் கொஞ்சம் யோசித்து, “ஆனா அண்ணே, பொன்னி அரிசியா? அது இங்கன உள்ளவங்களுக்குத் தாங்காது, பசிச்சிரும், விலை கொறச்சித்தான் கேப்பாவ” என்றான்.