முட்டுக்காட்டு இறாலும் சுத்தபோசனச் சேமியாவும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தை எட்டுமுன் வாகனம் ஒரு பாலத்தின்மீது ஏறும். இடப்புறம் வங்கக் கடலைத் தொடும் முகத்துவாரம். வலப்புறம் அகன்று கிடக்கும் உப்பங்கழி. இதுவே முட்டுக்காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-ஆம் ஆண்டு இங்கே படகுக் குழாம் அமைத்தது முதல், விடுமுறை நாட்களில் குடும்பங்கள் திரண்டு வருகின்றன.

ஆனால் இந்நீரை நம்பி வாழ்வோர் வேறு சிலர். இருளர் குல ஆண்களும் பெண்களும் வலையின்றி, படகின்றி, கழியின் ஆழமற்ற நீரில் இறங்குகின்றனர். அடிச்சேற்றைக் கைகளால் தடவி, அகப்படும் இறாலைப் பற்களால் கவ்விய பனையோலைப் பறியில் இடுகின்றனர். முள்ளும் சிப்பியும் கீறும் கைகள் அவை.

இறால் கடலிலே முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் புகுந்து, வளர்ந்தபின் மீண்டும் கடலுக்கு ஏகும். கோடையில் மணல்திட்டு அவ்வாயிலை அடைத்துவிட்டால் குஞ்சுகளும் வாரா, பறியும் நிறையாது. மழைவெள்ளம் வந்து திட்டை உடைக்கும்வரை பலருடைய அடுப்பு அந்த மணலை நம்பியே இருக்கிறது.

கழியைக் கடந்தால் கோவளம். ஜான் டி மான்டி என்னும் வணிகர் 1808-ஆம் ஆண்டு எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் அங்கே கடலருகே நிற்கிறது. அலைகளோடு போராடும் மீனவக் குடும்பங்களின் மன்றாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் ஆலயம் அது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நாம் சுத்தபோசனம் அனுசரிக்கிறோம். இறைச்சி விலக்கு, மீனும் இறாலும் விலக்கல்ல. இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்தார் கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவில் சிப்பியோடு சமைக்கும் ‘வெர்மிசெல்லி’ நமக்கு அந்நியமன்று. நம் கடைச் சேமியாப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருப்பதும் அதே பெயர்தான்.

நால்வருக்குக் கால் கிலோ இறாலும் 200 கிராம் சேமியாவும் போதும். இறாலின் தலையையும் ஓட்டையும் எறிந்துவிடாமல் கால்மணி நேரம் நீரில் கொதிக்கவிட்டு வடித்துக்கொள்ளுங்கள். சுவையெல்லாம் அச்சாற்றிலே இருக்கிறது. முதுகிலுள்ள குடலை நீக்கிய இறாலை, பூண்டும் மிளகும் சேர்த்து எண்ணெயில் இரண்டு மூன்று நிமிடம் வதக்கி, சிவந்து சுருண்டவுடன் எடுத்துவிடுங்கள். மிகுதியாக வெந்தால் இரப்பர்போல் ஆகிவிடும். அதே சட்டியில் சின்ன வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை வதக்கி, ஒரு பங்கு சேமியாவுக்கு இரு பங்கு சாறு ஊற்றி, உப்பிடுங்கள். கொதித்ததும் வறுத்த சேமியாவை இட்டு வேகவிடுங்கள். இறுதியில் இறாலைக் கலந்து இறக்குங்கள்.

அரைமணி நேர வேலைதான். எனினும் சுத்தபோசனம் நாவோடு முடிந்துவிடுவதில்லை. இறைச்சியை விலக்கிவிட்டு, இறால் விற்கும் ஏழைப் பெண்ணிடம் பத்து ரூபாய்க்கு வாதாடி வெல்வோமாயின், நாம் ஒறுத்தது எதனை? உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தம் கையாலேயே தீமூட்டி உணவு சமைத்தது, இரவெல்லாம் உழைத்துக் களைத்த மீனவர்களுக்காக அன்றோ?

ஆகவே அன்பர்களே, அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கூறு இறாலுக்கு அந்தத் தாய் கேட்கும் நியாய விலையைக் குறைக்காமல் கொடுங்கள். பிறகு குடும்பமாக அமர்ந்து செபித்து உண்ணுங்கள்.