லியோன் நகரில் ஓர் இராப்போசனம்

பிரான்சு தேசத்தின் லியோன் நகருக்குச் சென்று மீண்டவர்கள் அங்கே கண்டதைக் காட்டிலும் உண்டதையே அதிகம் பேசுவர். றோன், சோன் என்னும் இரு நதிகள் அந்நகரிற் கூடுகின்றன. மூன்றாவது நதியொன்றும் உண்டு, அது வடக்கேயுள்ள பொஜொலே குன்றுகளிலிருந்து பெருகி வரும் திராட்சை மது என்று ஊரார் வேடிக்கையாகச் சொல்வர். மதுவும் மாமிசமும் தீண்டாத நாம், அதுவும் மார்கழி மாதத்தில், அவ்வூரின் உயர்தரப் போசனசாலை ஒன்றில் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். அழைத்தவர் நம்முடைய பழைய மாணவர். தட்ட இயலவில்லை.

கல்லூரியில் நம்மிடம் பௌதிகம் பயின்ற அவர், பதினொரு ஆண்டுகளுக்கு முன் அதே போசனசாலையின் பின்கதவால் நுழைந்து கோப்பை கழுவத் தொடங்கியவர். பின்னர் மரக்கறி நறுக்கினார். இன்று குழம்பு அடுப்புக்கு அவரே பொறுப்பாளர். ஆயினும் முன்மண்டபத்து நாற்காலியில் அவர் ஒருநாளேனும் அமர்ந்ததில்லை. "சேர் வந்தாத்தான் முன்னுக்கு இருந்து சாப்பிடுறது எண்டு நினைச்சு வைச்சிருந்தனான்" என்றார்.

மாலையில் அவரோடு நடந்து செல்கையில் றுவாயால் தெருவின் 12ஆம் இலக்கக் கட்டடத்தைக் காட்டினார். யூஜெனி பிறாசியே என்னும் பெண்மணி 1921இல் தமது உணவகத்தைத் திறந்த இடம் அது. 1895இல் பிறெஸ் நாட்டுப்புறத்திற் பிறந்த அவர் பத்து வயதிலே தாயை இழந்தவர்; பண்ணைகளில் வேலை செய்து வளர்ந்தவர். லியோனின் சமையற் புகழ் அரண்மனைகளிற் பிறந்ததன்று. செல்வர் வீட்டு அடுக்களைகளிற் சமைத்த பெண்கள் பின்னர் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். 'தாய்மார்' என்றே அவர்களை ஊர் அழைத்தது. 1933இல் பிறாசியே அம்மையாரின் நகர உணவகத்துக்கும், நகருக்கு வெளியே மலைக்கணவாயில் அவர் நடத்திய மற்றொன்றுக்கும் மிஷெலின் டயர்க் கம்பனியாரின் வழிகாட்டி நூல் மும்மூன்று நட்சத்திரங்களை அளித்தது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற போல் போக்கூஸ், அவரிடம் தொழில் பழகியபோது பசுவிற் பால் கறக்கவும் துணி துவைக்கவும் வேண்டியிருந்ததாம். நம் மாணவருக்கு இக்கதை மிகப் பிடித்தமானது. இரண்டு முறை சொன்னார்.

நாம் சென்ற போசனசாலை அதுவன்று. அதன் பெயரை இங்கே எழுதுவது அவருக்கு உவப்பாயிராது. உள்ளே பேச்சுக்குரல்கள் கோயில் உள்வீதியிற்போல் தணிந்திருந்தன. மேசைதோறும் வெண்துகில், ஒரு சிறு விளக்கு. நாள்தோறும் அடுக்களைக்குள் இவரை அதட்டி வேலை வாங்கும் பரிசாரகர், அன்று இவருக்காக நாற்காலியை இழுத்துவிட்டார். இவரோ பாதி எழுந்து நின்றார். முதற் பதார்த்தம் முடிந்ததும் தம்மையறியாமலே எமது தட்டையும் தமது தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பரிசாரகர் புன்னகைக்கக் கண்டு கையை இழுத்துக்கொண்டார். ஆடும் கதவுக்கு அப்பாலிருந்து வரும் ஓசைகளைக் கேட்டே எந்த அடுப்பில் எது நடக்கிறதென்று நமக்குச் சொல்லி வந்தார்.

எமக்கு முதலில் வந்த பதார்த்தத்தின் பெயர் 'பட்டு நெசவாளியின் மூளை'. திடுக்கிட்டோம். மூளையன்று, புதிய பாற்கட்டியுடன் வெங்காயத் தாள், வினாகிரி, எண்ணெய், மிளகு சேர்த்துக் கடைந்தது. குறுவா றூஸ் குன்றில் தறி நெய்த ஏழைகளின் உணவு இன்று வெள்ளித் தட்டில் வருகிறது. அடுத்து, பாலாடையில் வெந்த உருளைக்கிழங்கு. மிக நன்று, ஆனால் பச்சைமிளகாய் ஒன்று கிடைக்குமா என்று மனம் தேடிற்று.

மாணவருக்கு வந்ததுதான் அவ்வூரின் பெருமைக்குரிய பண்டம்: பிறெஸ் கோழி. சிவந்த கொண்டை, வெண்ணிறச் சிறகு, நீலக் கால் என்று பிரெஞ்சுக் கொடியின் மூவண்ணமும் கொண்ட சாதி அது. 1957 முதல் அதன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஓக் மரவேரடியில் விளைந்து, நாயின் மோப்பத்தாற் கண்டெடுக்கப்படும் கறுப்புக் காளானை மெல்லிய வில்லைகளாகச் சீவி, கோழியின் தோலுக்கடியிற் செருகி, மெல்லக் கொதிக்கும் சாற்றில் வேகவைப்பர். வெண்தோலின் கீழே கருமை தெரிவதால் 'அரைத் துக்கக் கோழி' என்று பெயர். முழுக் கறுப்பு நீங்கி, கறுப்பும் வெள்ளையும் கலந்து உடுத்தும் இடைக்காலத்தைப் பிரெஞ்சுக்காரர் அரைத் துக்கம் என்பர்.

பெயரை விளக்கியவர் சற்று நேரம் உண்ணாமலிருந்தார். "அப்பா செத்த செய்தி வந்த அண்டைக்கு இந்தக் காளானைத்தான் சீவிக்கொண்டு நிண்டனான், சேர். விசா இல்லாத காலம். போகேலாது." பின்னர் கத்தியை எடுத்து மிகக் கவனமாக வெட்டி உண்டார். நாம் ஒன்றும் கூறவில்லை.

மது ஊற்றுபவர் வந்தார். லியோனுக்குத் தெற்கே, றோன் நதியின் செங்குத்தான கரையில் வியோனியே என்னும் திராட்சையிலிருந்து வடிக்கும் கொண்ட்றியூ வெண்மது அது. நிற்பதே அரிதான சரிவுகளில் கல்லடுக்கி மண்ணைக் காத்துப் பயிரிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே பாடுபட ஆளின்றி அத்தோட்டங்கள் அருகி, அற்றுப்போகும் நிலையை அடைந்தன, பின்னரே மீண்டன. மாணவர் தமது கிளாசைத் தொடவில்லை. ஆசிரியர் முன்னிலையிலே எப்படிக் குடிப்பது? "தம்பி, இங்கே விருந்து தருபவர் நீர், நாம் விருந்தாளி" என்றோம். முகத்தைச் சிறிது திருப்பிக்கொண்டு ஒரு மிடறு அருந்தினார். எமக்கு ஊற்றியதை எடுத்து முகர்ந்து மட்டும் பார்த்தோம். அப்ரிக்கொட் பழ வாசனை என்றார் ஊற்றியவர். எமக்கோ கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் காம்படிதான் நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னபோது மாணவர் அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். அயல் மேசையினர் திரும்பிப் பார்த்தனர்.

இறுதியில் வந்த செந்நிற வாதுமைப் பணியாரம் அளவுக்கு மீறி இனித்தது. கணக்குச் சீட்டை எம் கண்ணிற் காட்டவேயில்லை. எழுந்ததும், "ஒரு நிமிஷம், சேர்" என்று ஆடும் கதவைத் தள்ளி உள்ளே போனார். கதவு மூடுமுன், நீராவிக்கிடையிலே கோப்பை கழுவிக்கொண்டு நின்ற ஓர் இளைஞன் ஈரக்கையைத் துடைத்துவிட்டு அவருக்குக் கைகொடுப்பது தெரிந்தது. நாம் முன்வாசலில் மேலங்கியை மாட்டிக்கொண்டு காத்திருந்தோம். மறுநாட் காலை ஒன்பது மணிக்கு அவருக்கு வேலை. சோன் நதிக்கரையோடு மெல்ல நடந்தோம்.