சிவப்பு லைட்டு அணைஞ்சுதா?

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. மெட்ராசுக்கு ராத்திரி வண்டி பிடிக்கணும் என்றால் அரியலூர் போகணும். முப்பது கிலோமீட்டர் சொச்சம். கல்யாணமோ, சாவோ, வேலைக்கு இண்டர்வியூவோ, பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிற அம்பாசிடர்களில் ஒன்றைப் பேசிக்கொண்டு கிளம்புவோம். முன்னால் டிரைவரோடு மூன்று பேர், பின்னால் மடிமேல் மடியாக எத்தனை பேரோ, டிக்கியில் முறுக்கு டின்னும் ஜமுக்காளச் சுருளும். நீங்களும் அந்த ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டவர்தானே.

ஊர் தாண்டினால் இருட்டு. இரண்டு பக்கமும் கரிசல் காடு. பருத்தி வெடித்திருந்தால் ஹெட்லைட் படுகிற இடத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பேரளிப் பக்கம் எதிரே பருத்தி வண்டிகள் வரிசையாக வரும், நாம் ஓரம் கட்டி நிற்போம். எஞ்சின் மெதுவாக ஓட ஓட வெளிச்சம் மஞ்சளடித்து மங்குகிறது. டேஷ்போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு லைட் எட்டிப் பார்க்கிறது. டிரைவர் அண்ணன் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிக்கிறார். வெளிச்சம் திரும்பி வருகிறது. “சிவப்பு லைட்டு அணைஞ்சுதாப்பா?” என்று பின்னாலிருந்து தாத்தா கேட்பார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் அந்த லைட் எரிந்தால் டைனமோ சார்ஜ் ஏத்தவில்லை, வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது தெரியும். எல்லோருக்குமே தெரிந்திருந்தது.

அது டைனமோ காலம். எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அது மின்சாரம் தரும். நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தால் தராது. அந்த நேரத்தில் பேட்டரியிலிருக்கிற சார்ஜ் டைனமோ வழியாகத் திரும்பி ஓடிவிடாமல் தடுக்கக் கட்-அவுட் என்று ஒரு பெட்டி. மூடியைக் கழற்றினால் உள்ளே செம்புக் கம்பிச் சுருளும் இரண்டு பாயிண்டும் இருக்கும். சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்ஸின் பெயர் டைனமோவிலும் செல்ஃப் மோட்டாரிலும் பொறித்திருக்கும். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது பலருக்கு அதில்தான்.

அரியலூர் ஸ்டேஷனில் வண்டி லேட் என்றால் பெரியவர்கள் 1956க்குப் போய்விடுவார்கள். நவம்பர் 23ஆம் தேதி, அடைமழை, மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்த கதை. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை விட்ட கதை. சொல்லி முடிக்கும்போது யாராவது ஒருவர், “பொறுப்புன்னா அதுய்யா” என்பார். பிளாட்பாரத்தில் டீ ஆறிப்போயிருக்கும்.

வண்டி தின்று தீர்த்த பேட்டரி போய்ச் சேருகிற பேட்டரிக் கடைக்கு வருகிறேன். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லா, ஜி.எஸ்.டி. ரோடு இரண்டு வண்டி ஒதுங்குகிற அகலம்தான். அந்த ரோட்டோரத்துக் கடையைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். தொண்டையில் போய்க் குத்துகிற ஆசிட் நெடி. கூடவே சூடான தார் வாசனை, அடுப்பில் ஈயம் உருகுகிற வாசனை. எந்தப் பேட்டரியாவது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிக் கொதித்தால் அழுகின முட்டை வாசனையும் சேர்ந்துகொள்ளும். உள்ளே நீளப் பலகையில் கறுப்புப் பெட்டிகள் வரிசையாக ஒன்றோடொன்று ஒயரில் கோத்து நிற்கும். மூலையில் சார்ஜர் ‘ம்ம்ம்’ என்று ராகம் இழுக்கும். காது வைத்தால் பெட்டிக்குள் கஞ்சி கொதிக்கிற மாதிரி சத்தம். அந்தக் குமிழியில் வருவது ஹைட்ரஜன், தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதனால் வாசலிலேயே நிறுத்துவார் கடைக்காரர்: “பீடியை வெளிய போட்டுட்டு வா.”

ஒவ்வொரு பெட்டியிலும் சாக்பீஸால் ஊர் பேர். கொளக்காநத்தம், லப்பைக்குடிக்காடு, செந்துறை, ஜெயங்கொண்டம். காருக்கு வந்தது, டிராக்டருக்கு வந்தது, மைக் செட்டுக்கு வந்தது என்று எல்லாம் கலந்து கிடக்கும். கரண்ட் எட்டாத ஊரில் திருவிழாவுக்கு மைக் செட் பேட்டரியில்தான் பாடும். எலக்‌ஷன் வந்தால் கடைக்காரருக்குத் தூக்கம் இருக்காது. இரண்டு கட்சிப் பேட்டரியும் ஒரே ஒயரில் அக்கம்பக்கமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குத் திங்களும் வெள்ளியும்தான் பூஜை என்பதால், அந்த இரண்டு நாளுக்கு முந்தின சாயங்காலம் கடையில் கூட்டம் கூடுதல்.

கடைக்காரர் சட்டையில் முன்பக்கமெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஆசிட் தெறித்தது. கண்ணாடிக் குழலுக்குள் மிதக்கிற குண்டை, அதை ஹைட்ரோமீட்டர் என்பார்கள், ஒவ்வொரு செல்லாக விட்டு உறிஞ்சி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். 1250இல் மிதந்தால் நல்ல சார்ஜ். 1150க்குக் கீழே இறங்கிவிட்டால் காலி. ஐந்து செல் நன்றாக இருந்து ஒன்று மட்டும் கீழே கிடந்தால் உதட்டைப் பிதுக்குவார். “ஒரு செல்லு போச்சு தம்பி.” அடுத்து இரண்டு முள் வைத்த செல் டெஸ்டர். அந்தக் காலத்துப் பேட்டரியில் செல்லுக்குச் செல் ஈயப் பட்டை வெளியே தெரியும், அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குத்திப் பார்க்கலாம். போன செல்லை மட்டும் தாரைச் சுரண்டித் தூக்கி, தகடு மாற்றி, ஈயம் ஊற்றிப் பற்றவைத்து, மறுபடி தார் பூசித் தருவார். பேட்டரிக்கும் வைத்தியம் உண்டு என்று நம்பின காலம்.

தண்ணீர் விஷயத்தில் அவர் மடி ஆசாரக்காரர். டிஸ்டில் வாட்டர் தவிர எதையும் ஊற்றவிட மாட்டார். நம்ம ஊர் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் தகடு சீக்கிரம் கெட்டுவிடும் என்பார். அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலை இருப்பதே பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடப்பதால்தானே, அது தண்ணீரில் இறங்காமலா இருக்கும்? வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் அப்படியே இருக்கும், ஆகவே குறைந்தால் தண்ணீர்தான் ஊற்றணும், ஆசிட் அல்ல. சித்திரை வந்தால் வாரா வாரம் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்வார். குளிரைவிட வெயில்தான் பேட்டரிக்கு எமன்.

மெக்கானிக் அண்ணன் வேறு ரகம். அவருக்கு மீட்டர் கிடையாது, காதுதான். செல்ஃப் போட்டால் ‘டிக்’ என்று ஒரே சத்தமா? ஹார்ன் அடிக்கச் சொல்வார். ஹார்ன் கணீரென்று வந்தால் பேட்டரி நல்லது, கோளாறு டெர்மினலில் அல்லது செல்ஃப் மோட்டாரில். ஹார்ன் முனகினால் பேட்டரி டவுன். அடுத்து டெர்மினலைக் கையால் ஆட்டிப் பார்ப்பார். பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருந்தால் டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர், அதில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. நுரைத்துப் பொங்கி வழியும், நாங்கள் வேடிக்கை பார்ப்போம். சுரண்டித் துடைத்து முறுக்கி மேலே வாசலின் தடவுவார். முக்கால்வாசி வண்டி அதிலேயே கிளம்பிவிடும்.

கிளம்பியும் சிவப்பு லைட் அணையவில்லை என்றால் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்துவார். அரை இஞ்சுக்கு மேல் அமுங்கினால் தொய்வு. பெல்ட் சரி என்றால் டைனமோவின் பின்மூடியைத் திறப்பார். கார்பன் தேய்ந்து குட்டையாகியிருக்கும், ஆர்மேச்சரில் கரி படிந்திருக்கும். உப்புத்தாளால் ஒரு தேய், புதுக் கார்பன், கதை முடிந்தது. சில பழைய வண்டியில் பாசிடிவ்தான் எர்த். அது தெரியாமல் எவனாவது பேட்டரியை மாற்றி மாட்டியிருந்தால் டைனமோ தலைகீழாகிவிடும். சரியாக மாட்டி, ஃபீல்டு முனையில் ஒயரை ஒரு நொடி தொட்டு எடுப்பார். ஒரு பொறி. டைனமோவுக்குத் திசை திரும்பிவிடும்.

எதுவும் ஆகவில்லை என்றால் தள்ளு. டவுசர் பையன்கள் எல்லாம் பின்னால், நீங்களும் நானும் அதில்தான் இருக்கிறோம். “ஏலேலோ… தள்ளு…” இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் வண்டி உதறிக்கொண்டு உயிர் பெறும், நம் முகத்தில் புகை. இல்லையென்றால் முன்பம்பரில் ஹாண்டில் போட்டுச் சுற்றுவது. கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கணும், சுற்றிப் பிடிக்கக் கூடாது. எஞ்சின் திருப்பி அடித்தால் விரல் ஒடியும். இந்தப் பாடம் பள்ளிக்கூடத்தில் இல்லை.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லா வண்டிக்கும் ஆல்டர்னேட்டர் வந்தது. எஞ்சின் மெதுவாக ஓடினாலும் சார்ஜ் ஏறும், ஹெட்லைட் மங்காது. ஹாண்டிலுக்கு ஓட்டையே இல்லை. பேட்டரி வெள்ளைப் பிளாஸ்டிக்கானது, ஈயப் பட்டை உள்ளே போய் மறைந்தது, பிறகு மூடியே இல்லாமல் சீல் வைத்து வந்தது. செல் டெஸ்டரின் முள் குத்த இடமில்லை. 2012 வாக்கில் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் பழைய பேட்டரிக் கடைகள் பல இன்வெர்ட்டர் கடையாகப் பிழைத்தன. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்வதையே நிறுத்தினார்கள். இன்று நாற்கரச் சாலையில் பெரம்பலூர் கண் சிமிட்டுவதற்குள் போய்விடுகிறது. கடையில் ஏசி, கண்ணாடிக் கதவு. மீட்டரை வைத்து ஒரு சீட்டு அடித்துத் தருகிறார்கள். வாசனை எதுவும் இல்லை.

வாசனை இல்லாதது ஒருவகையில் நல்லதுதான். அந்தக் கடையில் கையுறை யாரும் போட்டதில்லை. ஈயம் உருக்கின புகையைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையும் சேர்ந்தே மூச்சில் இழுத்தது. கழிவு ஆசிட் சாக்கடையில் போனது, ஓரத்துப் புல் கருகிக் கிடந்தது. பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கி முறையாக ஒப்படைக்கணும் என்ற சட்டம் 2001இல்தான் வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் என்பது இன்றைக்குத் தெரிந்த சேதி, அன்றைக்குக் கடைக்காரரின் இருமலைத் தொழில் இருமல் என்று விட்டுவிட்டோம்.

போனது கடை மட்டும் இல்லை. கோளாறு எங்கே என்று தேடுகிற பழக்கமும் போனது. இப்போது காலையில் வண்டி கிளம்பவில்லை என்றால் முதல் வார்த்தையே “பேட்டரி மாத்திடுங்க சார்.” மாற்றுவோம். ஒரு மாதத்தில் புதுசும் டவுன் ஆகும். ஏனென்றால் குற்றம் பேட்டரியில் இல்லை, அதற்குச் சோறு போடுகிற இடத்தில்.

ஆகவே உங்களிடம் பழைய வண்டி இருந்தால் இதை மட்டும் கேளுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நிறுத்தின வண்டியில் காலையில் பார்த்தால் 12.6 வோல்ட் இருக்கணும். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவில் நிற்கணும். 13ஐயே தொடவில்லை என்றால் பெல்ட், ஒயர், ஆல்டர்னேட்டர் என்று பாருங்கள்; 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி கொதிக்கும். செல்ஃப் போடும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் முதலில் முழுசாகச் சார்ஜ் போட்டு இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் விழுந்தால்தான் பேட்டரி மேல் சந்தேகப்படுங்கள். ஒன்று மறக்க வேண்டாம்: டைனமோ காலத்தில் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி சார்ஜ் பார்ப்பார்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் அதைச் செய்தால் டையோடு எரிந்துவிடலாம். இதற்கெல்லாம் முன்னால் ஒரு சொம்பு வெந்நீரும் ஆப்ப சோடாவும் எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறங்கள். புதுப் பேட்டரி வாங்குவது அதற்கப்புறம் போதும்.