மேஸ்திரி சொன்ன நோய்

நெட்டுக்குப்பத்தில் எங்க தெருவில் வாடகைக்கு இருக்கும் பீகார்த் தம்பிக்குப் பத்து நாளாய்த் தூக்கமில்லை. முசஹர், எலி தின்கிறவன் என்று அவன் ஊரே ஒதுக்கிவைத்த சாதி. மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். டாக்டருக்கு இந்தி வராது. மொழிபெயர்த்தது யார் தெரியுமா? அவனுடைய மூணு மாசக் கூலியை முடக்கி வைத்திருக்கும் மேஸ்திரி.

“ஜீ கப்ராதா ஹை” என்றான் தம்பி. நெஞ்சு பதறுது என்கிறான். “குடிப்பான் சார்” என்றான் மேஸ்திரி. சீட்டில் அதுவே ஏறியது. (நம்ம ‘பேஜாரு’கூட அந்தப் பக்கத்துச் சொல்தான்.)

சாதி, பண்பாடு பார்த்துப் பாகுபாடு கூடாது, நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தரணும் என்கிறது 2017 மனநலச் சட்டம். 2022இல் வந்த 14416 இந்தியிலும் பேசும். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எவன் வாய் திறப்பான்?

மேஸ்திரியை வெளியே நிறுத்தினோம். வாசலில் பானிபூரி விற்றவரைக் கூப்பிட்டோம். தம்பி முதலில் சொன்னது கூலிக் கணக்கு. அப்புறம்தான் அழுதான்.