ரென்ற் எண்டாலும் தறப்பாள்தான்

ஜோடியாகக் கடற்கரையோரம் பயணம் போய், கூடாரம் போட்டுப் படுக்கிற வீடியோக்கள் யூடியூப்பில் நிறையக் கிடக்கு. எல்லாம் அறுகம்பையில், இல்லாட்டி மிரிஸ்ஸவில். ட்ரோன் மேலே எழும்பும், பின்னால் கிற்றார் வாசிக்கும், கண்ணுக்கெட்டின தூரம் ஒரு சனம் இருக்காது. நல்லூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் ஆசை வந்தது. ஒரு நண்பன் கொழும்பிலிருந்து ரென்ற் ஒன்றைப் பஸ்ஸில் போட்டுவிட்டான். மோட்டார்சைக்கிள் ஏற்கெனவே இருந்தது.

எங்களுக்கு எழுத்து முடிஞ்சு நாலு மாதம். கோயிலில் தாலி கட்டுவது கம்பஸ் முடியத்தான். அதாவது சட்டப்படி நாங்கள் புருசன் பெண்சாதி. ரோட்டில் பார்க்கிற ஆக்களுக்கு ஆரோ ரெண்டு கம்பஸ் பிள்ளையள். அதனால் பதிவுச் சான்றிதழின் போட்டோக்கொப்பி ஒன்றை மடித்து, லைசென்சோடு சேர்த்து வைத்துக்கொண்டோம்.

வீட்டில் சொன்னபோது "சனம் என்ன கதைக்கும்" எண்டுதான் கேட்பினம் என நினைத்து, அதற்கு மறுமொழியெல்லாம் தயாரித்து வைத்திருந்தோம். எங்களில் ஒருவரின் அம்மா கேட்டது வேறொன்று.

"வீடு வாசல் இருக்க, ஏன் பிள்ளையள் தறப்பாளுக்குள்ள போய்ப் படுக்கப் போறியள்?"

"அது தறப்பாள் இல்லையம்மா. ரென்ற்."

"ரென்ற் எண்டாலும் தறப்பாள்தான்."

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி தென்மராட்சிப் பக்கம் நடந்ததே, அந்தச் சனத்துக்குள் அவவும் நடந்தவ. அதற்குப் பிறகு அவ மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. புட்டு அவித்துக் கட்டித் தந்தா.

மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளிக்கிட்டோம். பருத்தித்துறை வீதியால் கோப்பாய், நீர்வேலி, பிறகு அச்சுவேலிப் பக்கம் திரும்பித் தொண்டைமானாறு. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கடல் கூடவே வரும். வல்வெட்டித்துறையில் கட்டின 'அன்னபூரணி' எண்ட பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நாங்கள் வடமராட்சி கிழக்குக்குப் போக ரெண்டு வீட்டில் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது.

பருத்தித்துறையில் தட்டை வடை வாங்கினோம். அது வரைக்கும் கரை சுண்ணாம்புக் கல்லு. வல்லிபுரம், மணற்காடு எண்டு வர எல்லாமே மணல். மணற்காட்டில் மணலுக்குள் புதைஞ்சு நிற்கிற பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்தோம். வடிவான இடம். ஆனால் சவுக்கங்காட்டுக்குள் ஜோடி ஜோடியாக இருந்தவை எங்கள் சத்தம் கேட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், மூன்று பெடியள் பைக்கில் வந்து அவையளைப் பார்த்து விசிலடித்துவிட்டுப் போனதும் அங்கே தங்குகிற எண்ணத்தை இல்லாமலாக்கியது. கையில் கொப்பி இல்லாத ஜோடியள் வேற எங்க போறது? ஊருக்குள் அவைக்கு ஒரு வாங்குகூட இல்லை. சவுக்குதான்.

நாகர்கோவிலைக் கடக்கும்போது கதை நிண்டது. 1995 செப்ரெம்பர் 22, பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்த ஊர். நாங்கள் பிறக்கிறதுக்கு முந்தி. எண்டாலும் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தனாங்கள்.

தாளையடி தாண்டி, வாடியள் முடிகிற இடமாகப் பார்த்து இறங்கினோம். ஒரு சனமில்லை, யூடியூப் மாதிரியேதான். ரென்றை அரைவாசி கட்டும்போது ஒரு ஐயா வந்தார். அறுபது வயது தாண்டியிருக்கும், சாரம், தோளில் துவாய்.

"பிள்ளையள் எங்கால?"

"நல்லூர், ஐயா."

"எழுத்து முடிஞ்சுதோ?"

"ஓம்."

அது அவருக்குப் போதும். பிறகு விசயத்துக்கு வந்தார். "இது பாடு. விடிய வலை வளைப்பம். கயிறு உங்களுக்கு மேலால போகும். அங்கால தள்ளிக் கட்டுங்கோ."

சும்மா கிடக்கிற மணல் எண்டு நாங்கள் நினைத்தது ஒரு கரைவலைப் பாடு. எந்த வலைக்கு எவ்வளவு கரை எண்டு கணக்கு இருக்கு. எங்களுக்குத்தான் வேலி தெரியவில்லை. ஐயா தானே கம்பியளைப் பிடுங்கி, தானே தாழைப் பற்றைக்குப் பக்கத்தில் நட்டுத் தந்தார். துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"தறப்பாளிலும் மெல்லிசு. மழைக்குத் தாங்காது."

2004 மார்கழி 26க்குப் பிறகு ஒன்று, 2009இல் செட்டிகுளத்தில் ஒன்று, மீள்குடியேற்றத்துக்கு வந்தபோது ஒன்று எனத் தான் இருந்த தறப்பாள்களைச் சொன்னார். கவலையாகச் சொல்லவில்லை. எந்தத் தறப்பாளுக்குள் எப்படி வெக்கை, எது ஒழுகும், வாய்க்கால் எந்தப் பக்கம் வெட்ட வேணும் எண்ட தொழில்நுட்பமாகச் சொன்னார். எங்கள் ரென்றைச் சுற்றியும் காலால் ஒரு வாய்க்கால் கீறிவிட்டுப் போனார்.

இரவு பத்தரைக்குச் சீருடையில் ரெண்டு பேர் வந்து ரோச் அடித்தார்கள். அடையாள அட்டை, பிறகு "மெரிட்?" கொப்பியைக் கொடுத்தோம். கனநேரம் பார்த்தார்கள், திருப்பித் தரவில்லை. வாடிப் பக்கமிருந்து ஐயா நடந்து வந்து, "எங்கட பிள்ளையள்தான்" என்றார். கொப்பி உடனே திரும்பி வந்தது.

நிம்மதியாகத்தான் இருந்தது. கோபமும் வந்தது. ரெண்டு அடையாள அட்டை, ஒரு பதிவு, இவ்வளவும் இருந்தும் ஒரு பெரியவர் பொறுப்பெடுத்தால்தான் நாங்கள் ரெண்டு பேரும் கடலைப் பார்க்கலாம். அதைவிட, "எழுத்து முடிஞ்சுதோ" எண்டு கேட்டபோது நாங்கள் "இல்லை" எண்டு சொல்லியிருந்தால் ஐயா வாடியை விட்டு வந்திருப்பாரோ? இதை அவரிடம் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. படுத்திருந்து தங்களுக்குள் ரகசியமாகக் கதைத்தோம். நட்சத்திரம் உண்மையிலேயே நிறைய இருந்தது, அதையும் சொல்ல வேணும்.

விடிய ஐந்து மணிக்குச் சத்தம் கேட்டு எழும்பினோம். ஒரு தலைக்கயிற்றைக் கரையில் விட்டு, வள்ளம் அரைவட்டமாக வலையைப் போட்டுக்கொண்டு போய், மற்றக் கயிற்றோடு அங்கால கரைக்கு வந்தது. ரெண்டு பக்கமும் ஆக்கள் நிண்டு இழுக்க, மெல்ல மெல்லக் கிட்டக்கிட்ட வருகிறார்கள். எங்களையும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க விட்டார்கள். அரைமணித்தியாலத்தில் உள்ளங்கை எரிந்தது. மடி கரைக்கு வரும்போது எட்டு மணி. பெரிசாக ஒண்டுமில்லை, சூடையும் கொஞ்சம் காரலும். சம்மாட்டி முகத்தைச் சுழித்தார். ஐயா ஒரு பையில் எங்களுக்கும் பங்கு போட்டார்.

கறிக்கு மீன் கிடைச்ச சந்தோசத்தில் ரென்றைக் கழற்றப் போனால், உள்ளே ஐந்து சின்னனுகள். வலை இழுக்கிறவையின் பிள்ளையள். எல்லாம் 2009க்குக் கனகாலம் பிந்திப் பிறந்ததுகள். சிப்பைத் திறக்கிறதும் மூடுகிறதும், "ஆர் வீட்டில?" எண்டு வெளியில் நிண்டு கேட்கிறதும். வெளியில் வரச்சொன்னால் வருகுதில்லை. ஐயா ரெண்டு தரம் அதட்டிப் பார்த்துவிட்டு, வலை காயப்போடப் போய்விட்டார்.

பதினொரு மணி மட்டும் எங்களால் அதைக் கழற்ற முடியேல்லை. சூடை பழுதாகப் போகுதெண்டு ஐஸ் தேடித் தாளையடிக்கு ஒரு ஓட்டம் ஓடி வந்தோம்.