23 கிலோ

கைத்தராசின் கொக்கியை மாட்டி மகளின் பெட்டியைத் தூக்கினேன். 27.4 என்று காட்டியது. விமானத்தில் அனுமதி 23 கிலோ. கையோடு கொண்டுபோகும் பைக்கு 8.

“நாலரை கிலோ எறக்கணும்மா” என்றாள் தரையில் சம்மணமிட்டிருந்த மகள்.

“எறக்குகதுக்கு அதுல என்ன கெடக்கு மக்களே? எல்லாம் வேண்டியதாக்கும்” என்றாள் கட்டிலில் இருந்த என் அம்மை.

மகள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்குப் போகிறாள். நீரியலில் முதுகலை, இரண்டு ஆண்டுப் படிப்பு. அக்டோபரில் வகுப்பு தொடங்குகிறது. தோவாளையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது தெரியும். செப்டம்பர் ஆகியும் காற்று ஓயவில்லை. மகளின் காகிதங்கள் பறக்காமலிருக்க அம்மை அவற்றின் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்திருந்தாள். சேர்க்கைக் கடிதம், காப்பீடு, ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கி வைத்ததற்கான சான்று. அந்தப் பணத்துக்கு ஈடாக என் பெயரிலிருந்த மனைப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. காகிதங்களெல்லாம் கைப்பைக்குப் போய்விடும். சிக்கல் பெரிய பெட்டியில்தான்.

நான் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவள். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்துகிறேன். தலைவன் பிரிந்து போவதற்கான காரணங்களைச் சொல்லும்போது அகத்திணையியல் முதலில் வைப்பது ஓதலை, அதாவது படிப்பை. அந்தப் பிரிவு மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்று கற்பியல் கெடு வைக்கிறது. கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்று இன்னொரு நூற்பா. உரையாசிரியர்கள் எப்படிப் பொருள் கொண்டாலும், படிக்கப் போகிறவன் ஆண், நாளை எண்ணிக்கொண்டு வீட்டில் இருப்பவள் பெண். மாணவிகள் குறிப்பெடுப்பார்கள், தேர்வில் எழுதுவார்கள். ஒருத்தி மட்டும் ஒருமுறை எழுந்து, “அவ படிக்கப் போனா அதுக்குப் பேரு என்ன மேடம்?” என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போனேன்.

பெட்டியைத் திறந்தோம். மூன்று லிட்டர் குக்கர். தீயலுக்கு வறுத்துப் பொடித்த மசாலா, நல்லமிளகு, சுக்கு, குடம்புளி, கருப்பட்டி. அம்மை இரண்டு நாள் உட்கார்ந்து செய்த முந்திரிக்கொத்து. ஏத்தங்காய் வற்றல் இரண்டு கிலோ. நெத்திலிக் கருவாடு, நான்கு உறைக்குள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. கருவாட்டுக்குத் தடையில்லை, நெய்க்குத் தடை. “நெய்யக் கண்டா அவனுகளுக்கு அம்புட்டுப் பயமா?” என்று அம்மை பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அதற்கும் அடியில் ஒரு பட்டுப்புடவை, அதற்கான ஜாக்கெட், ஒரு சிமிழில் மூன்று பவுன் சங்கிலி. “அங்க யாராம் நம்ம ஆளுக பாக்க வந்தா, கழுத்து வெறுங்கழுத்தா கெடக்கப்பிடாது.”

என் அண்ணன் மகன் டொராண்டோ போனபோதும் இந்த அறையில்தான் பெட்டி கட்டினோம். அதிலும் வற்றல் இருந்தது, கருவாடு இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்காக எதுவும் இல்லை.

அம்மைக்கு அன்னா மாணியின் கதையைச் சொன்னேன். 1918இல் பீருமேட்டில் பிறந்தவர். அன்று பீருமேடும் நம் நாஞ்சில் நாடும் ஒரே திருவிதாங்கூர். வசதியான குடும்பம். பையன்களைப் படிப்புக்கும் பெண்களைக் கல்யாணத்துக்கும் தயார் செய்யும் வீடு. எட்டாவது பிறந்தநாளில் வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தார்கள். அவர் அதை வேண்டாமென்று சொல்லி பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் கேட்டார். பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வேலை செய்தார். முதுகலை இல்லை என்ற காரணத்தால் அவருடைய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் தரவில்லை. 1945இல் அரசு உதவித்தொகையில், படைவீரர்களை ஏற்றும் கப்பலில் இங்கிலாந்து போனார். இயற்பியல் படிக்க நினைத்தவருக்குக் கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய படிப்பு. அதைப் படித்துவிட்டு 1948இல் திரும்பி வானிலைத் துறையில் சேர்ந்தார். பிற்காலத்தில் காற்றாலைகளை எங்கே நடலாம் என்று அறிய நாடு முழுவதும் காற்றை அளந்தார். அந்தத் தரவுகள் 1983இல் நூலாக வந்தன.

“கம்மலு வேண்டாம்னு சொன்ன பிள்ளையா?” என்றாள் அம்மை. சற்று நேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிமிழை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புடவையை நான் எடுத்தேன். குக்கரையும் வற்றலில் ஒரு கிலோவையும் மகள் எடுத்தாள்.

தராசு 23.6 காட்டியது.

“இன்னும் ஒண்ணு இருக்கும்மா” என்றாள் மகள், சிரிக்காமல். “நான் பொறந்ததாலதான் நீங்க வெளிநாடு போகலன்னு எத்தனை பேர்ட்ட சொல்லியிருக்கீங்க. அதையும் நான்தான் சுமந்துட்டுப் போகணுமா?”

2004இல், முனைவர் பட்ட ஆய்வின் நடுவில், ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு மாதம் தங்கிச் சுவடிகள் படிக்க எனக்கு அழைப்பு வந்தது. நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் போய்ப் பெட்டி வாங்கினேன். கம்பளிச் சட்டையும் வாங்கினேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. “பிள்ளைய யாரு பாப்பா?” என்று மட்டும் கேட்டார்கள். அதையும் என்னிடம் மட்டும் கேட்டார்கள். மகளுக்கு அப்போது இரண்டு வயது. கணவரிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் அப்போதும் நல்லவர், இப்போதும் நல்லவர். பத்து நாள் அந்தப் பெட்டி அறையின் மூலையில் கிடந்தது. பிறகு பரணுக்குப் போனது. பழைய வினாத்தாள் கட்டுகளை இன்றும் அதில்தான் போட்டு வைக்கிறேன்.

கருத்தரங்குகளில், திருமண வீடுகளில், ஆசிரியர் அறையில் நான் சொல்லி வந்த வாக்கியம் ஒன்றுதான்: “பிள்ளை சின்னதா இருந்துச்சு, அதான் போகல.” அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு சிறுமி என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கும்போதும், இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தபோதும், எனக்குத் திருப்பித் தர வேண்டிய ஒன்றாக அதை நினைத்திருக்கிறாள். நான் அதைத் தியாகம் என்று எண்ணியிருந்தேன். அவளுக்கு அது கடனாகத் தெரிந்திருக்கிறது.

“நீ காரணம் இல்ல மக்களே” என்றேன். “உன்னத் தூக்கிக்கிட வீட்டுல இன்னொரு கை வேணும்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும். உங்க அப்பாகிட்டயும் ஆச்சிகிட்டயும் கேட்டிருக்கணும்.”

அம்மை தலை நிமிரவில்லை. மடியிலிருந்த சிமிழைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். “கேட்டிருந்தா நான் பாத்திருப்பேன்” என்று வெகுநேரம் கழித்துச் சொன்னாள். உண்மையாகவும் இருக்கலாம். இருபது வருடம் கழித்து அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

மகள் என் தோளில் ஒருமுறை தலையை வைத்து எடுத்தாள். பிறகு பெட்டிக்குள் குனிந்து, நான் வைத்திருந்த மூன்று தடித்த கவிதைப் புத்தகங்களில் இரண்டை எடுத்து என் கையில் தந்தாள். இரண்டும் நான் எழுதியவை.

“இது பிடிஎஃப்ல இருக்கும்மா.”

22.9 காட்டியது. பூட்டினோம். அடுத்த வாரம் வகுப்பில் அகத்திணையியல் நடத்தும்போது, மாணவிகள் கேட்பதற்கு முன்பே சொன்னேன்: அவள் படிக்கப் போனாலும் அதற்குப் பெயர் ஓதற்பிரிவுதான்.